நூறு போதுமா, முந்நூறு வேண்டுமா? வீட்டு இணையம்: வாசகர் கேள்வி பதில்

வீட்டு இணையம் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு கேட்டிருந்தோம். கொழும்பிலிருந்து எழுதியவர்கள் பெரும்பாலும் எந்த வேகத்தை வாங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். மலையகத்திலும் வடக்கிலும் இருந்து எழுதியவர்கள் இணைப்பே கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம்: அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விலை கூடிய பெக்கேஜுக்கு மாறாதீர்கள்.

வெள்ளவத்தை, தொடர்மாடி வாசகி: நானும் கணவரும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறோம். மகளுக்கு உயர்தர ஸூம் வகுப்பு, மகனுக்கு கேம், மாமிக்கு இரவில் யூடியூப் நாடகம். இருப்பது 100 எம்பிபிஎஸ் பைபர். 300க்கு மாறச் சொல்லி கம்பனியிலிருந்து அழைக்கிறார்கள். மாறலாமா?

கணக்குப் போட்டே பார்ப்போம். எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேக அளவு. டவுன்லோட் என்பது வீட்டுக்குள் வருவது, அப்லோட் என்பது வீட்டிலிருந்து போவது. பலர் சேர்ந்த ஸூம் கூட்டத்துக்கு 720பி தரத்தில் டவுன்லோட் 1.8 எம்பிபிஎஸ்ஸும் அப்லோட் 2.6 எம்பிபிஎஸ்ஸும் வேண்டும். நீங்கள் இருவரும் மகளும் ஒரே நேரத்தில் கமராவைப் போட்டு உட்கார்ந்தாலும் டவுன்லோட் ஐந்தரைக்குள், அப்லோட் எட்டுக்குள் அடங்கிவிடும். மாமியின் நாடகம் 1080பியில் ஓடினால் 5 எம்பிபிஎஸ். டிவி 4கே என்றால் 15 என்று வையுங்கள். மகனின் கேம், விளையாடும்போது 1 எம்பிபிஎஸ் கூட எடுக்காது. அங்கே முக்கியம் தாமதம்தான், வேகம் அல்ல. எல்லாவற்றையும் கூட்டினாலும் முப்பதைத் தாண்டவில்லை. 100 உங்களுக்குத் தாராளம்.

மகன் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். கேமுக்கு 50 ஜிபி அப்டேட் வந்தால் 100 எம்பிபிஎஸ் லைனில் ஏறக்குறைய 67 நிமிடம் ஆகும், 300இல் 22 நிமிடத்தில் முடியும். அந்த முக்கால் மணித்தியாலத்துக்காக மாதாமாதம் மேலதிகமாகக் கட்டுவதா என்பது வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இரவு படுக்கும்போது டவுன்லோடைப் போட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

இதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது அப்லோட். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோட் வேகம். உங்கள் முகமும் குரலும் மற்றவருக்குப் போவது அப்லோடில். பைபரில் இது பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும், 4ஜியில் பல வேளை ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். அப்படியான லைனில் யாருடைய போனாவது வைஃபையைக் கண்டவுடன் கலியாண வீட்டுப் படங்களையெல்லாம் கிளவுட்டுக்கு ஏற்றத் தொடங்கினால், அப்லோட் பாதை அடைபட்டு வகுப்பில் மகளின் குரல் துண்டு துண்டாகக் கேட்கும். அந்தப் படப் பேக்கப் இரவில் மட்டும் நடக்கும்படி அமைத்தால் பிரச்சினை தீரும். ஒரு ரூபாவும் செலவில்லை.

பிறகு யோசித்து 300க்கு மாறுவதென்றால் லெப்டொப்பின் வயர் போர்ட் கிகாபிட் வகைதானா (1000 எம்பிபிஎஸ் வரை போகக்கூடியதா) என்று முதலில் பாருங்கள். பழைய போர்ட் என்றால், அல்லது கேபிளில் உள்ள நான்கு சோடிக் கம்பிகளில் இரண்டுதான் சரியாக வேலை செய்கிறதென்றால், என்ன பெக்கேஜ் எடுத்தாலும் ஸ்பீட் டெஸ்ட் 94 எம்பிபிஎஸ்ஸில் வந்து நிற்கும். 94 என்ற எண்ணைக் கண்டால் கம்பனியை அழைக்க முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மருதானை மாணவர்: 100 பெக்கேஜ் எடுத்தோம். டவுன்லோட் செய்யும்போது கணினியில் 12தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. கம்பனி சொல்வது மெகாபிட், கணினி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும். உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசகர்: எங்களுடையது பழைய வீடு, முன்பக்கம் ஒடுக்கம், பின்னால் நீளம். ரவுட்டர் முன் ஹோலில் இருக்கிறது. பின் அறையிலும் மேல்மாடியிலும் வைஃபை எடுப்பதே இல்லை. கடையில் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிப் போட்டோம். கோடுகள் முழுதாகத் தெரிகின்றன, ஆனால் இணையம் ஊர்கிறது.

கோடுகள் காட்டுவது ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையிலான சிக்னலைத்தான். ரிப்பீட்டருக்கே ரவுட்டரிலிருந்து சரியாக வராதபோது அது யாருக்கு என்ன கொடுக்கும்? பெரும்பாலானவர்கள் ரிப்பீட்டரை வைஃபை எடுக்காத அறைக்குள்ளேயே மாட்டுகிறார்கள். அது இருக்க வேண்டியது பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில். அப்படி வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கும் மலிவு வகைகளில் வேகம் பாதியாகிவிடும்.

முதலில் ரவுட்டரின் இடத்தைப் பாருங்கள். பைபர் வயர் உள்ளே வந்த மூலையிலேயே, டிவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் போவதுதான் வழமை. இரும்பு அலுமாரி, பெரிய நிலைக்கண்ணாடி, ஃபிரிஜ், தண்ணீர்த் தாங்கி ஆகிய நான்கும் வைஃபையை மறிப்பவை. வைஃபை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வரும். தடித்த செங்கல் சுவர் ஒன்றைக் கடக்க 5 கிகாஹெர்ட்ஸ் அலை திணறும், இரண்டைக் கடந்தபின் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். ஆனால் உங்கள் தெருவில் வீட்டோடு வீடு ஒட்டியிருப்பதால் முப்பது நாற்பது ரவுட்டர்கள் அதே 2.4இல் கத்திக்கொண்டிருக்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மட்டும்தான். போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு, அந்த மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தெரிவு செய்யுங்கள். சனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவே விடுங்கள்.

உங்கள் வீட்டின் நீளத்துக்கு நிரந்தரத் தீர்வு ஒன்றுதான்: முன் ஹோலிலிருந்து பின் அறைக்கு லான் கேபிள் ஒன்றை இழுத்து, அங்கே ஒரு அக்சஸ் பொயின்ட் (வயரில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ எல்லாம் கிடைக்கும். கேபிள் வாங்கும்போது அதன் நுனியில் ஒரு கம்பியை பிளேடால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் நல்லது. வெள்ளி நிறம் வந்தால் அது செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். மலிவாக இருக்கும், ஆனால் வளைத்த இடத்தில் முறியும், இரண்டு வருடத்தில் மூட்டுகள் கருகித் தொடர்பு விட்டுவிட்டு வரும். கேபிளின் தரம் கேட் 5ஈ என்றால் போதும், கேட் 6 என்றால் இன்னும் நல்லது. 100 மீற்றர் வரை வேகம் குறையாது.

நுனியில் கிளிப் அடிக்கும்போது இரு பக்கமும் ஒரே வரிசை இருக்க வேண்டும்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். நிறத்துக்கு நிறம் சோடியாக அடுக்கிவிட்டால் லைட் எரியும், வேகம் மட்டும் வராது. நடுவில் நீலச் சோடியைப் பச்சைச் சோடி இருபுறமும் அணைத்திருக்க வேண்டும்.

பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதையே அக்சஸ் பொயின்ட் ஆக்கலாம். அதன் டிஎச்சிபியை (போன்களுக்கு ஐபி எண் கொடுக்கும் வேலையை) நிறுத்துங்கள், முதல் ரவுட்டரின் எண் அதற்கும் வராதபடி ஐபி எண்ணை மாற்றுங்கள், கேபிளை வான் (WAN) துளையில் அல்லாமல் லான் (LAN) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சனல் மட்டும் வேறாக இருக்கட்டும். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் வீட்டில் பாதிப் போன்கள் இணையம் இல்லை என்று சொல்லத் தொடங்கும். இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை அதுதான்.

மட்டக்குளி வாசகர்: பகலில் நல்ல வேகம். இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை எல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பைபர் ஒரு கண்ணாடி இழையைப் பல வீடுகள் பங்குபோடுவது என்கிறார்கள். அதனால்தானா?

பங்குபோடுவது உண்மைதான். ஜீபொன் என்ற பைபர் முறையில் ஒரு இழையில் 2.488 கிகாபிட் டவுன்லோடும் 1.244 கிகாபிட் அப்லோடும் வரும், அதை வழமையாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். 32 வீட்டாரும் ஒரே விநாடியில் முழு மூச்சாக இழுத்தாலும் வீட்டுக்கு 77 எம்பிபிஎஸ் வரும். அப்படி எல்லோரும் ஒன்றாக இழுப்பதும் இல்லை. ஆகவே இரவு நேரத் தொல்லைக்கு அநேகமாகக் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் போதும். லெப்டொப்பை ரவுட்டரோடு வயரில் இணையுங்கள். மற்றப் போன்களை வைஃபையிலிருந்து விலக்குங்கள். காலை ஏழு, பிற்பகல் இரண்டு, இரவு ஒன்பது என்று நாளுக்கு மூன்று தடவை ஸ்பீட் டெஸ்ட் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒருமுறை கொழும்புச் சேவையகத்தைத் தெரிந்து, ஒருமுறை சிங்கப்பூரைத் தெரிந்து அளந்து, திரையைப் படம்பிடித்து வையுங்கள்.

வயரில் இரவும் நன்றாக வந்து, வைஃபையில் மட்டும் விழுந்தால் குறை அயல்வீட்டு வைஃபை நெரிசலில். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். கொழும்புக்கு நன்றாகவும் சிங்கப்பூருக்கு மோசமாகவும் இருந்தால், கம்பனி வெளிநாட்டுக்கு வைத்திருக்கும் கொள்ளளவு அந்த நேரத்தில் நிரம்பிவிடுகிறது. நம் வெளிநாட்டுப் போக்குவரத்து கடலடிக் கேபிள்கள் வழியாகப் போகிறது. யூடியூப் போன்றவை பெருமளவுக்கு உள்நாட்டிலேயே பிரதி வைத்திருப்பதால்தான், லண்டன் ஒபிஸ் விபிஎன் (ஒபிஸ் கணினிகளோடு இணைக்கும் தனிப் பாதை) இழுபடும்போதும் பாட்டு மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது. இந்த நிலைமையில் 300 பெக்கேஜ் எடுத்தும் பிரயோசனம் இல்லை. கொழும்புக்கே விழுந்தால் உங்கள் பகுதியின் இணைப்பு நிரம்பியிருக்கிறது. அதைக் கம்பனிதான் திருத்த வேண்டும்.

படங்களோடு முதலில் கம்பனியில் முறையிட்டு முறைப்பாட்டு எண்ணை வாங்குங்கள். எண் தராமல் “பார்க்கிறோம்” என்று சொன்னால் அது முறைப்பாடு ஆகாது. பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். விளம்பரத்தில் ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்று இருக்கும் அந்த ‘வரை’யை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். நாள், நேரம், வயர் இணைப்பு என்று ஒழுங்காக எழுதிய பதிவுக்கு அந்தப் பதில் அவ்வளவு எளிதில் நிற்காது.

நோர்வூட், தோட்டப் பகுதி வாசகி: லயத்தில் பைபரும் இல்லை, டெலிபோன் லைனும் இல்லை. 4ஜி ரவுட்டர் வாங்கினோம். இரண்டு கோடு காட்டுகிறது, பிள்ளையின் வகுப்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. பனிமூட்டம் வந்தால் சிக்னல் போய்விடும் என்கிறார்கள். அன்டெனா போட்டால் சரிவருமா?

பனிமூட்டத்தின் மேல் பழி போட வேண்டாம். 4ஜி ஓடும் அலைவரிசைகளில் மூடுபனி ஒன்றும் செய்யாது. மழை நாளில் அறுந்தால் காரணம் நனைந்த மரங்களாக இருக்கலாம், அல்லது டவருக்குக் கரண்ட் போயிருக்கலாம். மலைநாட்டில் உண்மையான தடை மலை முகடுதான். டவர் இரண்டு கிலோமீற்றரில் இருந்தாலும் நடுவில் ஒரு முகடு மறித்தால் சிக்னல் வராது. எட்டுக் கிலோமீற்றர் தள்ளி எதிர் மலையில் கண்ணுக்குத் தெரியும் டவர் நன்றாக வேலை செய்யலாம்.

கோடுகளைப் பார்க்காதீர்கள், இரண்டு எண்களைப் பாருங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (192.168.8.1 அல்லது 192.168.1.1 போன்றது) போன் பிரவுசரில் அடித்தால் உள்ளே ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 80 மிக நன்று, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110க்கு அப்பால் அறுந்து அறுந்து வரும். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிட்ட தெளிவு: 20க்கு மேல் மிக நன்று, 13க்கு மேல் நன்று, பூச்சியத்துக்குக் கீழே என்றால் வகுப்பு நடத்த முடியாது. பலம் இருந்தும் தெளிவு இல்லாவிட்டால் இரண்டு டவர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பொருள். அப்போது ரவுட்டரை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றினாலே தெளிவு ஏறும், ஏனென்றால் சுவர் ஒரு டவரை மறைத்துவிடும்.

அன்டெனாவுக்கு முன் ஒரு சோதனை. அயலவர்களிடம் வெவ்வேறு கம்பனிகளின் சிம்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரே போனில் போட்டு, அறைக்குள், வாசலில், லயத்தின் பின்புற மேட்டில் என்று மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். அண்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் செட்டிங்ஸில் சிம் நிலை என்ற பக்கத்தில் மைனஸ் எண் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே மைனஸ் 112 காட்டும் சிம், வாசலில் மைனஸ் 98 காட்டினால் உங்களுக்குத் தேவை வேறு கம்பனி அல்ல, வேறு இடம்.

அன்டெனாவில் பணம் வீணாவது கேபிளில்தான். கூரையில் அன்டெனாவை வைத்து, கடையில் கொடுத்த மெல்லிய ஆர்ஜி 58 கேபிளை 10 மீற்றர் கீழே இறக்கினால் 4ஜி அலைவரிசையில் ஏறக்குறைய 10 டெசிபல் வழியிலேயே போய்விடும். 10 டெசிபல் போனால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. அன்டெனா கொடுத்ததைக் கேபிள் தின்றுவிடும். ஆகவே ரவுட்டரையே சிக்னல் உள்ள ஜன்னலருகிலோ கூரைக்குக் கீழே மழை படாத இடத்திலோ உயர்த்தி வைத்து, அங்கிருந்து அறைக்கு லான் கேபிளை இழுங்கள். அதில் 30 மீற்றர் இழுத்தாலும் ஒன்றும் குறையாது. அன்டெனாதான் வேண்டும் என்றால் இரண்டு கேபிள் உள்ள வகையை வாங்குங்கள். 4ஜி இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் வருவது. ஒற்றைக் கேபிள் அன்டெனா அதில் பாதியை விட்டுவிடும். ரவுட்டரின் அன்டெனாத் துளை எஸ்எம்ஏ வகையா டிஎஸ்-9 வகையா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். திருப்பும்போது ஐந்து பாகையாகத் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள். எண் உடனே மாறாது.

சில வீட்டு 4ஜி சிம்கள் பதிந்த முகவரியில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கு அளந்தாலும் மைனஸ் 115 என்றால் தனி வீட்டால் தீர்க்க முடியாது. சிக்னல் இல்லாத ஊர்களுக்கு டவர் அமைக்கத் தொலைத்தொடர்புகள் ஆணைக்குழு ‘கமட்ட சன்னிவேதனய’ என்ற திட்டத்தை நடத்தியது. தோட்டத்தின் பெயர், பிரிவு, கிராம சேவகர் பிரிவு, அளந்த எண்கள் எல்லாவற்றோடும் பிரதேச செயலகம் வழியாக லயத்தார் எல்லோரும் சேர்ந்து எழுதுவது, பத்துப் பேர் தனித்தனியாகக் கம்பனிக்குப் போன் போடுவதைவிடப் பலன் தரும்.

கிளிநொச்சி வாசகர்: பிரதான வீதிக் கம்பத்தில் பைபர் பெட்டி தெரிகிறது. எங்கள் வீடு அங்கிருந்து 600 மீற்றர் உள்ளே. விண்ணப்பித்தால் ‘வசதி இல்லை’ என்கிறார்கள்.

தூரத்தால் வரும் தடை அல்ல அது. ஜீபொன் ஒளி 20 கிலோமீற்றர் வரை போகும். தடையாக இருப்பது கம்பமும் பெட்டியும். பெட்டி ஒன்றில் வழமையாக 8 அல்லது 16 வீட்டுக்குத்தான் துளை இருக்கும், நிரம்பினால் அடுத்தவருக்கு இல்லை. பெட்டியிலிருந்து வீட்டுக்குத் தொங்கவிடும் வயரின் நீளத்துக்கும் கம்பனிக்கு ஒரு எல்லை உண்டு. 600 மீற்றர் அதைத் தாண்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு பிராந்திய அலுவலகத்துக்கு நேரில் போங்கள். இந்தப் பெட்டியில் துளை இருக்கிறதா, எங்கள் ஒழுங்கைக்குப் புதுப் பெட்டி திட்டத்தில் உண்டா, எத்தனை வீடு கேட்டால் போடுவீர்கள் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். தொலைபேசியில் பேசுபவருக்குத் திரையில் ‘இல்லை’ என்று மட்டும்தான் தெரியும். ஒழுங்கையில் பத்து வீட்டார் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரே கடிதத்தில் கேட்டால் கணக்கு மாறும்.

அதுவரை பழைய செம்புக் கம்பி லைன் இருந்தால் அதில் ஏடிஎஸ்எல் (டெலிபோன் கம்பியில் வரும் இணையம்) எடுக்கலாமா என்றால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையின் உச்சம் 24 எம்பிபிஎஸ், அதுவும் பக்கத்தில் இருந்தால். 4 கிலோமீற்றருக்கு அப்பால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். உங்கள் இடம் வெளியான சமதரை. மறிக்க மலை இல்லை. 4ஜியை முதலில் அளந்து பாருங்கள்.

முல்லைத்தீவு, ஆசிரியர்: ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?

2024 ஓகஸ்டில் உரிமம் பெற்று 2025 ஜூலையில் அது இலங்கையில் சேவையைத் தொடங்கியது. ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் என்பதால், 36,000 கிலோமீற்றர் உயரத்துப் பழைய வகைச் செய்மதிகளில் இருந்த அரை விநாடிக்கும் மேலான தாமதம் இதில் இல்லை. வகுப்பு எடுக்கலாம், கூட்டத்தில் பேசலாம். பைபரும் வராமல் 4ஜியும் எடுக்காத இடத்துக்கு நல்ல வழி. இரண்டில் ஒன்றாவது நன்றாக இருந்தால் இந்தச் செலவு தேவையில்லை.

வாங்கமுன் இரண்டு விஷயம். அதன் அன்டெனாத் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். ஒரு தென்னை குறுக்கே நின்றாலும் செய்மதி அதற்குப் பின்னால் போகும் ஒவ்வொரு தடவையும் தொடர்பு சில விநாடி அறும். அவர்களின் செயலியால் போன் கமராவை வானத்துக்குக் காட்டி முன்கூட்டியே பார்க்கலாம். மற்றது கரண்ட். சாதாரணத் தட்டு சராசரியாக 75 முதல் 100 வாட் இழுக்கும். 75 என்று வைத்து இரவு பகலாக ஓடவிட்டால் மாதம் 54 யூனிட். நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 80 யூனிட் பாவிக்கும் வீடு 134க்குப் போனால் மேலதிக யூனிட்களுக்குக் கூடிய விலைப் படியில் கட்ட வேண்டிவரும். படுக்கப் போகும்போது நிறுத்தி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, 10 வாட் இழுக்கும் பைபர் ரவுட்டர் மாதம் முழுக்க ஓடினாலும் ஏழு யூனிட்தான்.

தெஹிவளை வாசகர்: மின்வெட்டில் ரவுட்டரை ஓட்ட 8800 எம்ஏஎச் மினி யூபிஎஸ் வாங்கினேன். எட்டு மணித்தியாலம் வரும் என்று கடையில் சொன்னார்கள். மூன்று மணித்தியாலம்கூட நிற்கவில்லை. பழுதா?

பழுது இல்லை. அந்த 8800 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்குச் சொல்லும் எண். 8.8ஐ 3.7ஆல் பெருக்கினால் 32.5 வாட்-மணி. உங்கள் ரவுட்டருக்கு 12 வோல்ட்டாக மாற்றும்போது ஏழில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும், மிஞ்சுவது 27 அல்லது 28. ரவுட்டர் 10 வாட் எடுத்தால் இரண்டே முக்கால் மணித்தியாலம். பைபர் பெட்டி தனியாகவும் வைஃபை ரவுட்டர் தனியாகவும் இருந்தால் அதில் பாதி. அடுத்தமுறை எம்ஏஎச்சைக் கேட்காமல் வாட்-மணியைக் கேளுங்கள்.

பிளக்கையும் பாருங்கள். வெளி விட்டம் 5.5 மில்லிமீற்றர் என்று ஒன்றாக இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. மாறினால் ஆட்டும்போது அணைந்து எரியும். நேர்முனை நடுவில் என்ற அடையாளம் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரை 12 வோல்ட் துளையில் செருகிவிடாதீர்கள்.

மின்வெட்டில் பைபருக்கு ஒரு நன்மை உண்டு. எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி ஒன்றும் இல்லை. உங்கள் பக்கம் யூபிஎஸ் இருந்தால் லைன் நிற்கும். 4ஜியில் டவரின் பற்றரி இறங்கினால் உங்கள் யூபிஎஸ்ஸால் எதுவும் செய்ய முடியாது.

வத்தளை, ஓய்வுபெற்றவர்: நானும் மனைவியும் மட்டும். மாதம் 100 ஜிபி போதுமா, அல்லது அன்லிமிட்டட் எடுக்க வேண்டுமா?

தினமும் இரண்டு மணித்தியாலம் 480பியில் செய்தியும் நாடகமும் பார்த்தால், மணிக்கு 0.7 ஜிபிப்படி மாதம் 42 ஜிபி. டொரொன்டோவில் உள்ள பிள்ளையோடு தினமும் அரை மணித்தியாலம் வட்ஸ்அப் வீடியோவில் பேசினால் பத்துக்குள். போன் அப்டேட்டுகளுக்கு ஒரு பத்து. மொத்தம் அறுபதைச் சுற்றி. 100 போதும்.

கணக்கைக் குழப்புவது ஸ்மார்ட் டிவி. தரத்தை ‘ஓட்டோ’வில் விட்டால் அது 1080பி எடுத்துக்கொள்ளும், அப்போது மணிக்கு ஏறக்குறைய 2.25 ஜிபி போகும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து நாளுக்கு நான்கு மணித்தியாலம் பார்த்தால் ஒன்பது ஜிபி, பதினொரு நாளில் 100 முடிந்தது. அந்த மாதத்துக்கு மட்டும் மேலதிக டேட்டா வாங்கினால் போதும், வருடம் முழுக்க அன்லிமிட்டடுக்குக் கட்டத் தேவையில்லை. அன்லிமிட்டடிலும் நியாயப் பயன்பாட்டு எல்லை என்று சிறிய எழுத்தில் ஒன்று இருக்கும், அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். விலையைக் கேட்கும்போது வரி சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வற் மட்டுமே 18 வீதம்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு 4ஜி ரவுட்டரும் நான்கு கமராவும் போட்டோம். போர்ட் ஃபோர்வர்ட் செய்தும் (வெளியிலிருந்து கமராவுக்கு ரவுட்டரில் வழி திறந்தும்) இங்கிருந்து பார்க்க முடியவில்லை.

பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் பக்கத்தில் வான் (WAN) ஐபி எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64இலிருந்து 100.127 வரைக்குள், அல்லது 10இல் தொடங்கினால் உங்களுக்கென்று தனி வெளி முகவரி இல்லை. பல வீட்டார் ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள். போர்ட் ஃபோர்வர்ட் அங்கே ஒருபோதும் வேலை செய்யாது. கமராப் படத்தைப் பதியும் பெட்டியான டிவிஆரில் பீ-டு-பீ அல்லது கிளவுட் ஐடி என்ற வழியை இயக்கி, கியூஆர் குறியீட்டைப் போனில் பதியுங்கள். பதிவு அங்கேயே டிவிஆர் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். 1 எம்பிபிஎஸ் படம் ஓயாமல் கிளவுட்டுக்கு ஏறினால் நாளுக்கு 10.8 ஜிபி, மாதம் 324 ஜிபி. நான்கு கமராவுக்கு அதை நான்கால் பெருக்குங்கள். போனில் பார்க்கும்போது சப் ஸ்ட்ரீமை (தரம் குறைத்த படத்தை) தெரிவு செய்யுங்கள்.

இரத்மலானை வாசகி: பைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு மினுங்குகிறது. ரவுட்டரை ரீசெட் செய்யலாமா?

ரீசெட் துளையில் ஊசி போட வேண்டாம். உங்கள் லைன் அமைப்புகள் அழிந்து, திருத்த வருபவருக்கு இரண்டு வேலை ஆகும். சிவப்பு என்றால் ஒளி வந்து சேரவில்லை. பச்சைத் தலை கொண்ட மெல்லிய வயரைப் பாருங்கள்: அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா, கட்டுக் கம்பி போட்டு இறுக்கி வளைத்திருக்கிறதா? நசுங்கியதை விடுவித்து, பச்சைத் தலையை ‘கிளிக்’ என்று கேட்கும்வரை உள்ளே தள்ளுங்கள். கழற்றினால் நுனியைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், உள்ளே கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் கரண்டை நிறுத்திப் போட்டும் சிவப்பு மாறாவிட்டால் வெளியே அணில் கடித்திருக்கலாம், லொறி இழுத்திருக்கலாம். கம்பனியை அழைத்து, “எல்ஓஎஸ் சிவப்பு” என்று இரண்டே சொல்லில் சொல்லுங்கள். போனில் பத்து நிமிடம் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் வேலை மிச்சமாகும்.